மூன்று மில்லிமீட்டர்

“இந்த ஆளுங்களை ஒட்டினது யாரு?”

மேடம் இதைக் கேட்டபோது நான் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியை வைத்துக்கொண்டிருந்தேன். நாற்காலி என் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். கேள்வி சித்தியைப் பார்த்து வந்தது. சூடானது என் காது.

எங்களுடையது கட்டட மாடல் செய்யும் பட்டறை. நாளைக்குக் கட்டப்போவதை இன்றைக்கே அட்டையிலும் அக்ரிலிக்கிலும் சின்னதாகச் செய்துகொடுப்போம். சித்திதான் முதலாளி. முன்பு லேசர் மெஷினில் வெட்டிக்கொண்டிருந்தவரைப் பிளேடு என்று கூப்பிடுவோம். மெஷின் அறுத்து முடித்தாலும் அவர் முடிக்க மாட்டார். நான் ஆள் ஒட்டுகிறவள். ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுப்பிக் கேட்டால் தெரிந்த பதில்கூட வாய்க்கு வராது. அப்படியே நின்று நின்று, ஒருநாள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டேன். “ஊமைக்கோட்டான் பேசலைன்னா என்ன, கை நடுங்குதா பாரு” என்று சொல்லி சித்தி என்னைத் தன்னோடு கூட்டி வந்தாள். அதை நான் மறக்கவில்லை.

பட்டறைச் சுவர் முழுக்க, பத்திரிகைகளிலிருந்து கிழித்து ஒட்டிய உலகத்துக் கட்டடங்கள். நடுவில் ஓட்டை விட்ட கோபுரம். குச்சிகளைப் பின்னியது போன்ற விளையாட்டரங்கம். கூரையில் புல் வளரும் பள்ளிக்கூடம். எதற்குள்ளும் நான் போனதில்லை. ஆனால் கண்காட்சிகளுக்காக அவற்றையெல்லாம் சின்னதாகச் செய்திருக்கிறோம். எந்தப் படிக்கட்டு எங்கே திரும்பும் என்பது எனக்கு மனப்பாடம். எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒருவர் நடந்துகொண்டிருப்பார். அவரை விரலால் மறைத்துவிட்டால் கட்டடம் பெரியதா சின்னதா என்றே தெரியாது. “ஆளுதான்டி அளவுகோல்” என்பாள் சித்தி.

நான் ஒட்டும் ஆட்களைப் பற்றி ஆளுக்கு ஒரு வரி எழுதிவைப்பேன். நாலாவது படியில் நிற்பவர்: பல்வலி, வீட்டில் சொல்லவில்லை. தூண் பக்கத்துப் பெண்: காத்திருக்கிறாள், வரமாட்டார்கள் என்று தெரியும். தேதி போட்டு, எந்த மாடல், எந்த டப்பா என்றும் குறித்துவைப்பேன். நோட்டுகள் அட்டைக்கட்டுகளுக்குப் பின்னால் இருந்தன. யாருக்கும் தெரியாது.

மேடம் ஓர் ஆர்க்கிடெக்ட். அன்று அவர் மேசையில் இறக்கியது ஒரு பொது நூலகத்தின் மாடல். இரண்டு வருஷத்துக்கு முன் போட்டிக்காக நாங்கள் செய்துகொடுத்தது. அலைபோல் மடிந்த ஒரே கூரை, அதன் கீழே ஒரே பெரிய வாசிப்புக்கூடம். அது வென்று, நிஜக் கூரையும் ஏறிவிட்டது.

“போன வாரம் கமிட்டிக்காரங்க வந்து தலையைத் தூக்கிப் பார்த்தாங்க” என்றார் மேடம். குரலில் உயிர் இல்லை. “‘நாங்க தேர்ந்தெடுத்தது இதைவிடப் பெருசாச்சே’ன்னாங்க. வரைபடத்துல பன்னெண்டு மீட்டர், கட்டினதும் பன்னெண்டு மீட்டர். அப்புறம் யாரோ மாடலை எடுத்து ஆளை அளந்திருக்காங்க.”

“ஆளையா? உலகத்துல வேற வேலையே இல்லையா அவங்களுக்கு?” என்று சிரித்தாள் சித்தி.

“பதினொண்ணுக்கு மேல இருக்கணும். எட்டரை மில்லிமீட்டர்தான் இருக்கான், அக்கா.”

சித்தியின் சிரிப்பு நின்றது. நூலகம் நூற்றைம்பதில் ஒரு பங்காகச் செய்தது. அதில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கான ஆட்கள் நின்றார்கள். மூன்று மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லாத வித்தியாசம். ஆனால் ஆள் குட்டையானால் பன்னிரண்டு மீட்டர் கூரை கண்ணுக்குப் பதினாறாகிவிடும்.

“வேணும்னே சின்ன ஆளை வெச்சு நடுவர்களை ஏமாத்தினேன்னு புகார். நாளைக்கு விசாரணை. என் உரிமம் போயிடும், அக்கா. கைத்தவறா நடந்ததுன்னு இங்கேர்ந்து ஒரு வார்த்தை வேணும்.”

சித்தி கைகளைத் துணியில் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

“அப்போ பிளேடுன்னு ஒருத்தர் இருந்தார். ஆள் ஒட்டினதெல்லாம் அவர்தான். வேலையை விட்டுட்டு எங்கேயோ போயிட்டார்.”

பிளேடு ஒரு ஆளைக்கூட ஒட்டியதில்லை. அவர் தடித்த விரல்களுக்கு இடுக்கியே அகப்படாது.

“சரி, அவர் தெரியாம செஞ்சதுன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா?”

“அதெப்படி மேடம்? அவரா தெரியாம செஞ்சாரோ, நீங்க சொல்லிச் செஞ்சாரோ, எனக்கு என்ன தெரியும்?”

மேடம் அங்கிருந்த அட்டைக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

எனக்கு எல்லாம் தெரியும். நூலகம் செய்த அந்த மூன்று வாரமும், கூடவே இருநூறில் ஒரு பங்காக ஓர் அலுவலகக் கோபுரமும் செய்துகொண்டிருந்தோம். இரண்டுக்கும் வெள்ளை ஆட்கள், ஒரே மாதிரி டப்பாக்கள். எங்கள் பட்டறையில் அளவை மூடியில்தான் எழுதுவோம், டப்பாவில் எழுதமாட்டோம். பசை ஒட்டியிருந்த மூடிகளை நான் கழுவிக் காயவைத்து மாற்றி மூடிவிட்டேன். தனியாகப் பார்த்தால் எந்த ஆளும் குள்ளமாகத் தெரியமாட்டான். நூலகத்தை அனுப்பிய மறுநாள் கோபுரத்துக்கு ஆள் ஒட்ட உட்கார்ந்தேன். முதல் ஆளே கதவில் தலை இடிக்க நின்றான்.

நடுவர்கள் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. சித்தியிடம் போய்ச் சொன்னேன். அவள் தரையில் படுத்து இடுப்புக்குத் தலையணை கொடுத்திருந்தாள்.

“போன் பண்ணி? நானூறு ஆளைப் பிடுங்கி மறுபடி ஒட்டவா? உனக்குக் கண்ணு மிச்சம் இருக்கா, எனக்கு இடுப்பு மிச்சம் இருக்கா? எவன் ஸ்கேல் வெச்சு அளக்கப் போறான்? வாயை மூடு.”

வாயை மூடுவது எனக்குப் புதிதில்லை. மூடினேன். நோட்டில் மட்டும் எழுதினேன்.

இப்போது இடுக்கியைக் கீழே வைத்தேன். அட்டைக்கட்டுகளுக்குப் பின்னால் கையை விட்டபோது சித்தி, “என்னடி தேடறே? ஆஸ்பத்திரி வேலையைப் பாரு” என்றாள். அந்த நோட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து, மேடத்தின் மடியில் வைத்தேன்.

அவர் முன்பக்கங்களிலிருந்தே படிக்க ஆரம்பித்தார். பல்வலிக்காரரிடம் கொஞ்சம் நின்றார். காத்திருக்கும் பெண்ணிடமும். பிறகு மூடிகள், தேதி, சித்தி சொன்னது. அங்கே வந்ததும் நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார், திரும்பக் குனிந்தார்.

“அன்னைக்குப் பெட்டியைத் திறந்தப்போ, நான் வரைஞ்சதைவிட நல்லா இருக்கேன்னு தோணுச்சு” என்றார், யாரிடமும் இல்லாமல். “ஏன்னு நானும் கேட்டுக்கலை. தூங்கி மூணு நாள் ஆகியிருந்தது.”

பிறகு என்னிடம், “இதை அங்கே எல்லார் முன்னாடியும் படிப்பாங்கம்மா. எழுதினது நீதானான்னு உன்னைக் கேப்பாங்க” என்றார்.

பல்வலிக்காரரை, தூண் பக்கத்துப் பெண்ணை, முன்பின் தெரியாத யாரோ சத்தமாகப் படிப்பதை நினைத்தேன்.

“எழுந்து நின்னு சொல்லணுமா?”

“வேண்டாம். உக்காந்தே சொல்லலாம்.”

“சரி” என்றேன்.

காலையில் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி மேடம் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாடலை எடுத்துக்கொள்ளவில்லை. அதன் நானூறு குள்ளர்களும் மேசையிலேயே நின்றார்கள்.

நான் திட்டுக்குக் காத்திருந்தேன். ஒரு சொட்டுப் பசை வீணானால் அரை நாள் பேசுகிறவள் சித்தி. “சோறு போட்ட கைக்கு” என்று ஆரம்பிப்பாள், “ஊமைக்கோட்டானுக்கு இன்னைக்குத்தான் வாய் முளைச்சுதா” என்பாள் என்று நினைத்தேன். அதற்குத் தலையைக் குனிந்துகொண்டும் விட்டேன். லேசர் மெஷின் ஆஸ்பத்திரிக்கு ஜன்னல் வெட்டிக்கொண்டிருந்தது.

சித்தி டப்பாக்கள் இருந்த தட்டருகே போனாள். ஒரு மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். பிறகு கொக்கியிலிருந்து பையை எடுத்தாள், குனியாமல் காலாலேயே செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு அவள் வாசல் தாண்டியதில்லை. அன்று அதையும் சரி, என்னையும் சரி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு போனாள்.