நீலப் பொட்டு வைத்த தட்டான்

ஜாய்சி அனுப்பிய படத்தைப் பார்த்ததும் ஷஃபீகா துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அவளோ பேட்டை வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தில் ஒரு தட்டான். மஞ்சள் உடம்பு, கண்ணாடி இறக்கை. பின்னிறக்கையின் ஓரத்தில் ஒரு நீலப் பொட்டு. அம்பாசமுத்திரத்து நெல்வயலில் விடியக்காலம் வலை வீசிப் பிடித்து, ஷஃபீகா தன் கையால் வைத்துவிட்ட நெயில் பாலிஷ் பொட்டு. அது இப்போது கடலோர உவரியில், ஜாய்சியின் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

கூடவே ஒரு குரல் செய்தி. "ஏட்டி ஷஃபீ! கெடச்சிட்டு! உன் மாப்பிள கடலப் பாக்க வந்துட்டாரு. கண்டுபிடிச்சது நாந்தான், பேரு போட மறந்துராத!"

கடைசி வார்த்தைகள்தான் உறுத்தின.

காற்றைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டுகிற தட்டான்கள் அவை. இந்தியாவிலிருந்து கிளம்பி மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்காவரை போகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். ஊதினால் பறந்துவிடும் உடம்பை வைத்துக்கொண்டு எப்படிப் போகின்றன, எங்கே இளைப்பாறுகின்றன என்பதெல்லாம் இன்னும் சரியாகத் தெரியாது. தாமிரபரணி வயல்களில் பறக்கிற கூட்டமும் அந்தப் பயணத்தில் சேருகிறதா? சேருமென்றால் கடலை எந்த இடத்தில் எட்டுகிறது? இதுதான் ஷஃபீகாவின் ஆராய்ச்சி. அவள் வயலில் பொட்டு வைப்பாள். கல்லூரியில் கூடப் படித்த ஜாய்சி உவரியில் சாயங்காலமானால் கரையோரப் புதர்களில் தேடுவாள். இரண்டு வருடமாகத் தேடியும் ஒன்றுகூட அகப்படவில்லை. ஆய்வுத் திட்டம் முடியப்போகிற நேரத்தில் இதோ வந்து நிற்கிறது.

வழிகாட்டி தேவசிகாமணி சாருக்குத் தரையில் கால் பாவவில்லை. "கட்டுரைய இந்த வாரமே அனுப்பிருவோம்மா. திட்டத்த நீட்டிச்சுத் தருவாங்க. அந்த உவரிப் பிள்ளைக்கும் உதவியாளர் வேலை போட்டுரலாம்."

ஜாய்சி அந்த வேலைக்கு ஏங்கிக்கொண்டிருப்பது ஷஃபீகாவுக்குத் தெரியும். அதோடு ரெக்சன் அண்ணன் வேறு. ஜாய்சியின் அண்ணன். உவரி மீனை வேனில் ஏற்றிக்கொண்டு தினமும் விடியுமுன் அம்பாசமுத்திரம் சந்தைக்கு வருகிறவர். சரக்கு இறக்கியதும் வேனைக் கால்வாய்க் கரையில் மருத மரத்தடிக்குக் கொண்டுவந்து, பெட்டிகளை அலசிக் கவிழ்த்துவிட்டு எதிரே டீ குடிக்கப் போவார். ஷஃபீகா வலை வீசுகிற வயல் அந்தக் கரையை ஒட்டித்தான். அவள் எந்த நிறம் வைக்கிறாள், எந்த இறக்கையில் வைக்கிறாள் என்று எல்லாமே அவருக்குத் தெரியும். "என்ன டீச்சர், இன்னைக்கு எத்தன பேருக்குப் பூ முடிச்சு விட்டீய?" என்று தினமும் கிண்டல் வேறு.

ஒரு தட்டானைப் பிடித்து டப்பாவில் போட்டுத் தங்கச்சியிடம் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடையில் ஒரு நீல நெயில் பாலிஷ் வாங்கத்தான் எவ்வளவு நேரம் ஆகும்?

படத்தை மறுபடி பார்த்தாள். பொட்டு பளபளவென்று இருந்தது. அத்தனை தூரம் பறந்துவந்த இறக்கை இப்படியா கிழியாமல் இருக்கும்? சார் அனுப்பப்போகும் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது. பொய் என்று நாளைக்குத் தெரிந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எந்த ஆய்வுக்கூடத்திலும் நுழைய முடியாது. ஜாய்சியிடம் நேராகக் கேட்கலாம். ஆனால் கேட்டபிறகு சிநேகிதம் என்று ஒன்று மிஞ்சாது.

"ஒரு வாரம் பொறுங்க சார்" என்றாள்.

"என்னத்துக்கு?"

"இன்னொண்ணு கெடைக்குதான்னு பாப்போம்."

மறுநாள் பைக்குள் ஒரு பச்சை நெயில் பாலிஷ் இருந்தது. அதைப்பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை, சாரிடம்கூட. இனி உவரியில் நீலப் பொட்டு மட்டுமே அகப்பட்டால் அவர்கள் வேலை. பச்சை அகப்பட்டால் தட்டான் தானாக வந்தது.

வயலில் ரெக்சன் கண்ணில் படும்படி நாலைந்துக்கு நீலம் வைத்தாள். அவர் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், அங்கிருந்து பார்த்தால் தெரியாத இடமாகத் தேடினாள். வெட்டவெளி. மறைவு என்று சொல்ல மரத்தடியில் நின்ற அவருடைய வேன்தான் இருந்தது. அதன் பின்பக்கம் திருடி மாதிரிக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொன்றுக்கும் முன்னிறக்கையின் அடியில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி பச்சை வைத்தாள். ஈரம் காயாமல் விட்டால் இறக்கைகள் ஒட்டிக்கொள்ளும். அதனால் கைக்கு எட்டுகிற நிழலாகப் பார்த்து ஒவ்வொன்றாக உட்காரவைத்துக் காயவிட்டாள். விடியக்காலக் குளிரில் தட்டான்கள் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை.

"டீச்சர், அங்கன என்ன செய்யுதீய?" ரெக்சனின் குரல்.

"செருப்பு வார் அறுந்துட்டுண்ணே!" என்று எழுந்து வயலுக்குள் நடந்துவிட்டாள்.

இரண்டு மூன்று நாள் இப்படியே நடந்தது. பிறகு ஒரு சாயங்காலம் ஜாய்சியின் செய்தி வந்தது. "ஏட்டி, இன்னொண்ணு. ஆனா இது என்ன பச்சையா இருக்கு? நீலம் தீந்துட்டா? கஞ்சப்பிசினாறி, ஒரு பாட்டில் வாங்க மாட்டியா?"

ஷஃபீகா கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. காற்று தூக்கிக்கொண்டு போயிருக்கிறது! அவள் கைவிரலில் இருந்து எழும்பி, குளங்களையும் தேரிச் செம்மணல் மேடுகளையும் தாண்டிக் கடல்வரை போயிருக்கிறது. பாவம் ஜாய்சி. பாவம் ரெக்சன் அண்ணன். தன் மனசுதான் எவ்வளவு அழுக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஆமாட்டி, தீந்துட்டு" என்று பதில் அனுப்பினாள். சாரை அழைத்து, "நாளைக்கு மத்தியானம் அனுப்பிருங்க சார்" என்றாள். எப்படி இவ்வளவு உறுதி என்று அவர் கேட்டதற்கு, "நேர்ல சொல்லுதேன்" என்றாள்.

அடுத்த நாள் காலையும் வயலுக்குப் போனாள். ஒளிவு மறைவு இல்லாமல் வேன் பக்கத்திலேயே உட்கார்ந்து பச்சைப் பொட்டு வைத்தாள். ரெக்சன் டீயோடு வந்தார்.

"என்ன டீச்சர், மொகத்துல ஒரே வெளிச்சம்?"

"அண்ணே, உங்க வண்டியில உவரிக்கு வாரேன். ஜாய்சியப் பாக்கணும்."

"மீன் வண்டியிலயா? உம்மா வெளக்குமாத்த எடுத்துருவாவ."

"எடுக்கட்டும்."

"அப்போ ஏறுங்க. பைய போவோம்."

களக்காடு, நாங்குநேரி, திசையன்விளை என்று வண்டி ஓடியது. ரெக்சன் வாய் ஓயவில்லை. "இந்தத் தட்டானுக்கு ஆப்பிரிக்காவுல என்ன சோலி? அங்கன சொந்தக்காரன் எவனும் இருக்கானா? ஜாய்சி சொல்லுதா, நான் சிரிச்சேன். எங்க போட்டுக்காரங்களே லட்சத்தீவு தாண்டுனா மாதாவக் கூப்பிடுவானுவ." ஷஃபீகா சிரித்துக்கொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றின. இந்தக் காற்றில்தானே அதுவும் வந்திருக்கும் என்று நினைத்தாள்.

ஜாய்சி வாசலிலேயே நின்றாள். கட்டிப்பிடித்தாள். "மீன் நாத்தம் அடிக்குதுட்டி! கொடுவாக் குழம்பு வச்சிருக்கேன், வா."

"மொதல்ல பச்சைய எங்க பிடிச்சன்னு காட்டு" என்றாள் ஷஃபீகா. கட்டுரைக்குச் சரியான இடம் வேண்டும். அங்கே நின்று ஒரு படமும் எடுக்க வேண்டும்.

"எங்கயா? இங்கனதான்." ஜாய்சி வாசலை ஒட்டிய பூவரசைக் காட்டினாள். "ரெண்டும் இதுலதான் நின்னுச்சு."

"கரையில இல்லையா?"

"கரையில தேடித் தேடி என் காலுதான் தேஞ்சுது. வீட்டு வாசல்லயே வந்து உக்காந்துட்டு. உவரின்னா உவரிதான?"

ஷஃபீகா பூவரசைப் பார்த்தாள். அதற்கு அடியில்தான் ரெக்சன் வேனை நிறுத்தியிருந்தார். அவர் பின்பக்கத்துத் தார்ப்பாயைத் தூக்கி, உள்ளே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். கயிறு ஆடியது. அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தட்டான் சோம்பலாக எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பூவரசங் கிளையில் போய் உட்கார்ந்தது. வெயிலில் அதன் முன்னிறக்கை பச்சையாக மின்னியது.

கைக்கு எட்டுகிற நிழல் என்று அவள் உட்காரவைத்த இடம் அந்தக் கயிறுதான். ரெக்சனுக்குத் தெரியாமல் ஒளிவதற்காக அவருடைய வண்டியிலேயே ஏற்றி அனுப்பியிருக்கிறாள். முதலில் வந்த நீலம்? அது அகப்பட்ட அன்று காலையில் தூறல். தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கிக்கொண்டுதான் பொட்டு வைத்தாள். அப்போதும் இதே கயிறுதான்.

"என்னட்டி, பேயறஞ்ச மாதிரி நிக்க?"

ஷஃபீகா செல்போனை எடுத்தாள். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது.

"சார், அனுப்பிட்டீங்களா?"

"இப்பத்தாம்மா, பட்டன அமுக்கப் போறேன்."

"அனுப்பாதீங்க. தட்டான் பறந்து வரல சார். மீன் வண்டியில வந்திருக்கு. நாந்தான் ஏத்தி விட்டிருக்கேன்." ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

மறுமுனையில் சாரின் குரல் தணிந்து வந்தது. "ஒண்ணு வண்டியில வந்தா ரெண்டும் வண்டியிலதான் வந்துச்சுன்னு அர்த்தமா? பறந்தும் வந்திருக்கலாம்லா?"

"வந்திருக்கலாம் சார். ஆனா அது நமக்குத் தெரியாதே."

"இது இல்லன்னா திட்டம் இத்தோட சரி. தெரியும்லா?"

"தெரியும் சார்."

"அப்போ நேத்து என்னத்த வச்சும்மா அவ்வளவு உறுதியாச் சொன்ன?"

ஷஃபீகா யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "பச்சைய யாருக்கும் தெரியாம வச்சேன் சார். இவங்க கள்ளத்தனமாப் பொட்டு வச்சா நீலம்தான வரும்? பச்சை வந்ததும் நம்பிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் ஜாய்சி பக்கத்தில் நிற்பது உறைத்தது. ரெக்சன் கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"நீலம் தீந்துட்டுன்னு சொன்ன" என்றாள் ஜாய்சி.

"ஜாய்சி..."

"இவங்கன்னா யாரு? நானும் எங்கண்ணனுமா?"

ரெக்சன் மீன்பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "வெயில்ல நிக்காதீய டீச்சர். திசையன்விளைக்கு இப்ப ஒரு பஸ் இருக்கு" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

ஜாய்சி உள்ளே போனாள். கொடுவாக் குழம்பின் வாசம் வாசல்வரை வந்தது. திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. மூடியில் காற்றுக்காக ஊசி ஓட்டைகள்.

"நேத்துச் சாயங்காலம் கரையில பிடிச்சது. வண்டி வராத பக்கம், அங்கன தாழம்புதர்ல. பொட்டு கிட்டு ஒண்ணும் என் கண்ணுல படல, உன் லென்சுல காட்டலாம்னு வச்சிருந்தேன். நான் சொல்லுதத நம்பாத. நீயே பாத்துக்கோ."

டப்பாவை வேனின் படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஷஃபீகா வெயிலில் நின்றாள். சாத்திய கதவைத் தட்ட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் கை பைக்குள் போய் லென்சை எடுத்தது. மூடியைத் திறந்து, உள்ளே கிடந்த தட்டானை விரல்களுக்கு நடுவே பிடித்து, இறக்கைகளை ஒவ்வொன்றாக விரித்தாள். தன் பொட்டு இருக்கிறதா என்று மட்டுமல்ல, வேறு யாராவது பூசிய தடம் இருக்கிறதா என்றும் அவள் கண் தேடிக்கொண்டே இருந்தது.