சீமாட்டி வந்த நேரம்

மச்சானின் போன் வந்தபோது தையல்காரர் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, கையில என்ன இருந்தாலும் கீழ போட்டுட்டு ஓடி வா. சீமாட்டி வந்துட்டா!"

"எந்தச் சீமாட்டி?"

"எந்தச் சீமாட்டியா? எனக்கு இருக்கிறதே ரெண்டு பேர். ஒருத்தி உள்ள காய் நறுக்கிட்டு இருக்கா. இன்னொருத்தி நாலு வருஷம் முன்னால பந்தயத்துல காணாம போனவ. வாய்யா சீக்கிரம்!"

தையல்காரர் ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். மாடியில் அவருடைய புறாக்கூண்டு இரண்டு அறையாக இருந்தது. முன்னறையில் பந்தயத்துக்குப் பறக்கும் புறாக்கள். பின்னறை ஜோடி அறை. குஞ்சு பொரிக்கும் ஜோடிகளுக்கு மட்டுமானது. பந்தயக்காரர்களிடையே ஒரு மரியாதை உண்டு. யாருடைய வீட்டுக்குப் போனாலும் முன்னறையில் உரிமையோடு நுழைவார்கள், புறாவைக் கையில் எடுப்பார்கள், கேலி செய்வார்கள். ஜோடி அறைக்குள் மட்டும் கேட்காமல் கால் வைக்க மாட்டார்கள். எந்தப் புறாவை எதோடு சேர்க்கிறான் என்பது அவனவன் சொந்த விஷயம். அந்த மரியாதைதான் தையல்காரரை நாலு வருஷமாகக் காப்பாற்றி வந்தது.

ஜோடி அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. காலையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது கீழிருந்து யாரோ "டெய்லர், பேன்ட் ரெடியா?" என்று கத்தினார்கள். அவர் கிண்ணத்தோடு இறங்கிப் போனார். தாழ்ப்பாளைப் போட்ட ஞாபகம் இல்லை. மூலையில் இருந்த மண்சட்டியில் ஆண் புறா மட்டும் உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்கடியில் இரண்டு குஞ்சுகள். பொரித்து ஐந்து நாள்.

பெட்டை இல்லை. எங்கே போயிருக்கிறது என்று அவர் தேட வேண்டியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் நடந்தது புரிய வேண்டுமானால் பந்தயம் எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும். எல்லாருடைய புறாக்களையும் லாரியில் ஏற்றி, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி, விடிந்ததும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் தன் வீட்டுக்கு வரும். வீடுகள் வேறு வேறு இடத்தில் இருப்பதால் முதலில் வந்தது எது என்று பார்த்தால் நியாயமாகாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தூரத்தை மீட்டர் கணக்கில் அளந்து வைத்திருப்பார்கள். அந்தத் தூரத்தைப் பறந்த நிமிஷங்களால் வகுத்தால் நிமிஷத்துக்கு இத்தனை மீட்டர் என்று வேகம் கிடைக்கும். வேகம் அதிகமுள்ள புறா ஜெயித்தது. புறாவின் காலில் எண் போட்ட ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். புறா கூண்டுக்குள் வந்ததும் அதைக் கழற்றி, சங்கம் சீல் வைத்துக் கொடுத்த கடிகாரத்தில் போட்டுத் திருக வேண்டும். அந்த நொடிதான் வந்த நேரம். கூரையில் வந்து உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும் புறாவுக்கு மதிப்பில்லை. உள்ளே வர வேண்டும். அதற்காகவே ஆளாளுக்கு ஒரு வெள்ளைப் புறா வைத்திருப்பார்கள். உயரப் பறக்காத, சோம்பேறிப் புறா. வானத்தில் புள்ளி தெரிந்ததும் அதைத் தூக்கிப் போட்டால் அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கூண்டில் இறங்கும். களைத்து வருகிற புறாவும் அதன் பின்னாலேயே இறங்கிவிடும்.

அன்றைக்குத் தையல்காரர் புள்ளியைப் பார்த்தார். தன்னுடையது என்று நினைத்து வெள்ளையைத் தூக்கிப் போட்டார். இறங்கியதைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. சாம்பல் நிறம், இடது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு. மச்சானின் சீமாட்டி. நாலு தெரு தாண்டினால் அதன் வீடு.

வேறு ஆளுடைய புறா தவறி இறங்கினால் உடனே கதவைத் திறந்துவிட வேண்டும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவரும் கதவுப் பக்கம் திரும்பத்தான் செய்தார். அப்போது ஒரு எண்ணம் வந்தது. ஐந்தே நிமிஷம். என்னுடையது வந்துவிடட்டும், பிறகு விடலாம். ஒரு கூடையை எடுத்துக் கவிழ்த்தார்.

ஐந்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. அவருடைய புறா வந்தது, கடிகாரத்தில் பதிந்தது, அந்த வருஷத்துக் கோப்பை அவருக்கு. கூடையைத் தூக்கலாம் என்று பார்த்தால், மச்சான் தன் மாடியில் நெற்றியில் கை வைத்து வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். இங்கிருந்து எழும்புவது அங்கே தெரியும். சாயங்காலம் விடலாம் என்றார் மனசுக்குள். சாயங்காலம் மச்சானே வந்து தோளைத் தட்டி, "ஜெயிச்சுட்டியே மாப்ளே. என் சீமாட்டியைப் பருந்து அடிச்சிருக்கும்போல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது நாள் மாடியில் தண்ணீர் வைத்துக் காத்திருந்தார் மனுஷன். பத்தாம் நாள் தையல்காரர் ரப்பர் வளையத்தை அடுப்பில் போட்டார். குஞ்சாக இருக்கையில் சொந்தக்காரரின் எண் பொறித்து மாட்டிய தகர வளையம் கழலாது. அதைக் கம்பி வெட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தார். அடுத்த வருஷம் அதற்கு ஜோடி சேர்த்தார். அதன் வயிற்றில் வந்த மூன்று புறாக்கள் பந்தயம் ஜெயித்தன. குஞ்சு கேட்டு வெளியூரிலிருந்து ஆள் வந்தார்கள். "என்ன ரகசியம் டெய்லர்?" என்று கேட்டால் "தீனிதான்" என்பார்.

மச்சான் பஸ் ஓட்டுகிறவர். தையல்காரர் போய்ச் சேர்ந்தபோது காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தன் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சீமாட்டி.

"காலைல டூட்டி முடிச்சு வர்றேன், கூண்டு மேல உக்காந்திருக்கா. கதவைத் திறந்தேன். நேரா உள்ள போயி, மூணாவது வரிசை, இடது ஓரம், அவளோட பழைய இடம். அங்க இப்ப ஒரு தடியன் இருக்கான். அவனைக் கொத்தி விரட்டிட்டு உக்காந்துட்டா!" மச்சானின் கண் கலங்கியிருந்தது. "எந்தப் பாவியோ வளையத்தை வெட்டிட்டான். நீ பாரு. உன் கைதான் எக்ஸ்ரே மிஷினாச்சே. எங்க இருந்தா, எப்படி வச்சிருந்தான், சொல்லு."

தையல்காரர் வாங்கிக்கொண்டார். புறாவைப் பிடிப்பதில் ஒரு முறை உண்டு: கால்கள் இரண்டும் நடு விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில், கட்டை விரல் முதுகில், நெஞ்சு உள்ளங்கையில். அப்படிப் பிடித்தால் அது பதறாது. அது பதறவில்லை. நாலு வருஷமாகத் தெரிந்த கை.

நகம் நீண்டிருந்தது, கூரையில் நடக்காத புறாவுக்கு நகம் தேயாது. இறக்கை நுனி புதுசு போல இருந்தது. பறக்காத இறகு கிழியாது. நெஞ்சுச் சதை தளர்ந்திருந்தது. "அடைச்சுதான் வச்சிருக்காங்க" என்றார். அதுவரை உண்மை.

"தீனிப்பையைப் பாரு. கனமா இருக்கில்ல?"

கழுத்துக்குக் கீழே அந்தப் பையைத் தொட்டால் எல்லாம் தெரியும். தானியம் தின்றிருந்தால் துணிப்பைக்குள் கூழாங்கல் போல நெருடும். குஞ்சு வைத்திருக்கும் புறாவுக்கு அந்தப் பையின் உள்தோலே தடித்துப் பாலாகச் சுரக்கும். தொட்டால் கெட்டித் தயிர் மாதிரி இருக்கும். தாய்க்கும் சுரக்கும், தகப்பனுக்கும் சுரக்கும். தையல்காரரின் விரலுக்கடியில் தயிர் அசைந்தது.

"தீனிதான் மச்சான்" என்றார்.

"பால் இல்லையே? குஞ்சு விட்டுட்டு வந்திருந்தா பாவம்."

"இல்ல."

"நீ சொன்னா சரி." மச்சான் நிம்மதியாகப் புறாவை வாங்கி உள்ளே விட்டார்.

தையல்காரர் அப்போதே கிளம்பியிருக்கலாம். கால் வரவில்லை. புறாக்கள் குஞ்சு காப்பதில் ஷிப்ட் முறை உண்டு. காலை பத்து மணிக்கு ஆண் உட்காரும். நாலு, நாலரைக்கு எழுந்து போய்விடும். பிறகு மறுநாள் காலைவரை பெட்டைதான். பெட்டை வராவிட்டால் சில ஆண்கள் இரவிலும் உட்காரும். அவருடையது அந்த ரகமில்லை. இந்த வருஷம்தான் சேர்த்த ஆண், இது அதற்கு முதல் குஞ்சு, வேளை முடிந்தால் எழுந்து போய் முன்பக்கம் கத்திக்கொண்டிருக்கும். ஐந்து நாள் குஞ்சுக்கு உடம்பில் இறகு ஏது? ராத்திரிக் குளிர் தாங்காது. மாற்றி வைக்க அந்த வயதுக் குஞ்சுள்ள வேறு ஜோடியும் இல்லை. பெட்டையைத் திறந்துவிட்டாலும் பயனில்லை. அடைபட்டே இருந்ததால் அவர் வீட்டுக் கூரை வெளியிலிருந்து எப்படியிருக்கும் என்று அதற்குத் தெரியாது.

நாலேகாலுக்குச் சீமாட்டி இடத்தைவிட்டு இறங்கியது. கம்பிக் கதவோரம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தது. திரும்பி நடந்தது. கம்பிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தது. மறுபடி நடந்தது.

மச்சான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் மாப்ளே, இது குஞ்சு தேடுற நடை மாதிரி இல்ல?"

தையல்காரர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"சே, நீதான் தொட்டுப் பாத்தியே. எனக்கு வயசாச்சு, கண்டதெல்லாம் தோணுது."

தன் கண்ணைவிடத் தையல்காரரின் கையை நம்பினார் அந்த மனுஷன். தையல்காரருக்கு அங்கேயே தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அது தீனி இல்ல மச்சான். பால்."

"இப்பதானே இல்லேன்ன?"

"பொய் சொன்னேன். குஞ்சு ரெண்டு இருக்கு. என் ஜோடி அறையில."

மச்சான் சிரித்தார். "வெளையாடுறதுக்கு வேற நேரமே கிடைக்கலையா உனக்கு?" பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"அன்னையிலேர்ந்து. பந்தயத்தன்னைக்கு எங்கிட்ட இறங்கினா. என்னோடது வர்ற வரைக்கும்னு கூடையைப் போட்டு மூடினேன்."

அடிப்பார் என்று தையல்காரர் நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

"குஞ்சுக்கு எத்தனை நாள்?"

"அஞ்சு."

மச்சான் கூண்டைத் திறந்து சீமாட்டியை எடுத்துக் காக்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். தையல்காரர் நாலடி பின்னால் நடந்தார். இரண்டாவது தெருவில் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "டிரைவரே, சட்டைக்குள்ள யாரு? சாம்பியன்கிட்ட குஞ்சு வாங்கிட்டீங்களா?"

"இல்ல. என்னோடது."

"அப்ப டெய்லர் ஏன் பேயறைஞ்ச மாதிரி வர்றாரு?"

இருவரும் நிற்காமல் நடந்தார்கள்.

மாடிக்கு வந்தார்கள். ஆண் புறா சட்டியை விட்டு எழுந்து முன்பக்கம் போயிருந்தது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கிடந்தன. ஜோடி அறை வாசலில் மச்சான் நின்றார்.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். தையல்காரர் ஒதுங்கி நின்றார்.

சீமாட்டி கையிலிருந்து குதித்து நேராகச் சட்டியில் ஏறியது. குஞ்சு ஒன்று தள்ளாடித் தலையைத் தூக்கி, தன் அலகைத் தாயின் வாய்க்குள் முழுசாக நுழைத்தது. புறாக் குஞ்சு அப்படித்தான் குடிக்கும். தாயின் கழுத்து உள்ளிருந்து தள்ளித் தள்ளி ஊட்டியது. பிறகு மற்றது. பிறகு இறகைப் புடைத்துக்கொண்டு இரண்டின் மேலும் அமர்ந்தது.

மச்சான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். திரும்பாமலே கேட்டார்.

"அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தா?"

எதை எதையோ எதிர்பார்த்திருந்த தையல்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் பதில் தயாராக இருந்தது. நாலு வருஷத்தில் ஒரு நாளும் மறக்காத எண்.

"ரெண்டு பதினேழு."

"இங்கேர்ந்து நம்ம வீட்டுக்கு ஒரு நிமிஷம் போட்டுக்க. ரெண்டு பதினெட்டு. ஆறரைக்குத் திறந்தாங்க. நானூத்தி அறுபத்தெட்டு நிமிஷம்." உதடு அசைந்தது. விரலால் தரைத் தூசியில் எழுதினார், அழித்தார், எழுதினார். "என் வீட்டுக்கு நானூத்தி எம்பத்தாறாயிரத்து எழுநூத்தி இருபது மீட்டர். ஆயிரத்து நாப்பது."

இன்னொரு முறை, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "ஆயிரத்து நாப்பது" என்றார். அந்த வருஷம் தையல்காரருக்குக் கோப்பை வாங்கித்தந்த வேகம் ஆயிரத்தைத் தொடவில்லை. இருவருக்கும் அது தெரியும்.

"எதிர்க்காத்துல வந்திருக்கா" என்றார் மச்சான். குரலில் ஒரு கணம் சந்தோஷமே இருந்தது. அதுதான் தையல்காரரை எல்லாவற்றையும்விட அறுத்தது. அந்தச் சந்தோஷம் அன்றைக்கே, மாடியில், பத்துப் பேர் நடுவில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

"குஞ்சு தனியா தின்ற வரைக்கும் இவ இங்கயே இருக்கட்டும். இப்ப அசைச்சா மூணும் வீணாப்போகும். தினம் வந்து பாத்துக்கறேன்." மச்சான் எழுந்து முழங்கால் தூசியைத் தட்டினார். "ஞாயித்துக்கிழமை சங்கத்துல நீயே சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேன் மச்சான்."

"அப்படிக் கூப்பிடாத. கொஞ்ச நாளைக்கு."

கீழே தையல்காரரின் மனைவி டம்ளர்களோடு காத்திருந்தாள். "அண்ணா, டீ போட்டுட்டேன். நின்னு குடிச்சுட்டுப் போ."

"வேணாம்மா." அவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவள் போட்ட டீயை அவர் வேண்டாமென்று சொன்னதே இல்லை.

அவள் டம்ளர்களைத் தையல் மெஷின்மேல் வைத்தாள். "என்னங்க பண்ணீங்க எங்கண்ணனை?"

அவர் சொன்னார். வெள்ளைப் புறாவைத் தூக்கிப் போட்டதிலிருந்து சொன்னார். காஜா எடுத்து முடிக்காத சட்டையை மடியில் வைத்து மடித்து மடித்துப் பிரித்தபடி, கூடையையும், வளையத்தையும், ஒன்பது நாளையும், கடைசியாகத் தீனி என்று சொன்ன பொய்யையும்.  அண்ணன் அந்த ஒன்பது நாளும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி வந்து சொன்னபோது இவரும்தான் பக்கத்தில் உட்கார்ந்து உச்சுக்கொட்டினார். அது அவளுக்கு நினைவு வந்திருக்கும். முகத்தில் தெரிந்தது.

டீயில் ஆடை படிந்தது.

"நீங்க வேலையா இருக்கறப்பல்லாம் மாடிக்கு ஏறினது நான்தானே?" என்றாள் அவள், மெதுவாக. "அந்தச் சாம்பல் பெட்டைக்கு, யாரோடதுன்னு தெரியாமலே, நாலு வருஷமா தண்ணி வச்சது என் கைதானே?"

தையல்காரர் சட்டையை மடிப்பதை நிறுத்தினார். "ஆமா" என்றார்.