மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை

1

இந்தக் கதை ஆபீஸ் வேலையாகத்தான் பிறந்தது. எங்கள் கம்பெனி காது மெஷின் விற்கிறது. புகார்களைக் கவனிக்கப் புது மென்பொருள் செய்யப் போகிறார்கள். செய்பவர்களுக்கு எங்கள் தொழில் புரிய வேண்டுமாம். 'தொழில் பின்னணி' என்று எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். நான் எழுதுவதைத்தான் அவர்கள் அப்படியே செய்வார்கள்.

"வாடிக்கையாளரின் திருப்தியையே எங்கள் நிறுவனம்" (வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.)

2

வேறு தொடக்கம். மெஷின் கெட்டுப்போனால் இணையத்தில் புகார் பதிவு செய்வார்கள். நாங்கள் போன் செய்வோம். மூன்று முறை எடுக்காவிட்டால் புகார் தானாக முடிந்துவிடும். காரணம்: 'வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை.'

இங்கே என் கை நின்றது. அட கடவுளே, காது மெஷின் கெட்டுப்போனவருக்குப் போன் மணி எப்படிக் கேட்கும்? எங்கள் ஆபீசில் ஒருவருக்காவது இது உறைத்திருக்க வேண்டாமா?

3

கதைக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. கற்பனை செய்வதற்குள் அவரே ஆபீசுக்கு வந்து நின்றார்: பள்ளி வேன் ஓட்டுநர், கூடவே மனைவி. காது மெஷின் இல்லாமல் பள்ளியில் வேன் சாவி தரமாட்டார்களாம். திங்கட்கிழமை வேறு ஆள் போட்டுவிடுவார்களாம்.

"எத்தனை தடவைம்மா புகார் குடுக்கிறது? ஒவ்வொரு தடவையும் முடிஞ்சுதுன்னு மெசேஜ் வருது. என்னம்மா முடிஞ்சுது?" என்றார் மனைவி. "நான் வேலைக்குப் போயிடுவேன். போன் இவர்கிட்டதான் இருக்கும்."

(ஓட்டுநரைக் கோபக்காரராக எழுதினால் கதை சூடு பிடிக்கும். ஆனால் அவர் எங்கள் உதடுகளையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே விடுகிறேன்.)

ஸ்டோர் ரூமில் சண்டை போட்டு அன்றே மெஷினை மாற்றிக் கொடுத்தேன். சரி, இவர் வந்தார். வராதவர்கள்?

4

மேனேஜர் என் அக்கா புருஷன். ஆபீசில் 'சார்', கோபம் வந்தால் 'அத்தான்'.

"இந்த மூணு போன் பத்தியை எடுத்துடும்மா. புகார் முடிக்கிறதுல நாமதான் முதல்னு பேர் எடுத்திருக்கோம். மானம் போயிடும்."

"பாதிப் பேருக்கு மணி அடிச்சதே தெரியாது அத்தான். இதுல என்ன பேரு?"

"இரு, உங்க அக்காகிட்ட சொல்றேன்."

"நானே சொல்லிட்டேன். இன்னைக்கு உங்களுக்குச் சோறு கிடையாதாம்."

அவர் சிரிக்கவில்லை. பத்தி இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

5

முடிவு ஒன்று: அத்தான் மனம் மாறி, கண் கலங்கி, (போதும். உங்களுக்கே சிரிப்பு வரும்.)

முடிவு இரண்டு: நான் பத்தியை நீக்கிவிட்டு (நடக்காது. என் பிடிவாதம் வீடறிந்த விஷயம்.)

அதனால் பத்தி அப்படியே இருக்கிறது. கையெழுத்து இல்லாமலே மென்பொருள் செய்பவர்களுக்கு அனுப்புகிறேன், இந்தக் கதையையும் சேர்த்து. வேலை போனால் போகட்டும். படிக்கிற நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

இன்று காலை ஒரு தையல்காரியின் புகார் வந்தது. மூன்றாவது அழைப்பையும் அவர் எடுக்கவில்லை. வீட்டில்தான் இருப்பார், எங்களிடமிருந்து ஏதாவது தகவல் வருமா என்று காத்துக்கொண்டு. மென்பொருள் அடுத்து என்ன செய்ய வேண்டும்? அந்த வரியை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.