வலக்கண்ணில் நீலம்

திரைப்பட வட்டாரத்தில் அவருக்குக் கண்ணாடியார் என்று பெயர். பாட்டிலின் அடிப்பாகம் போல் தடித்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முப்பது வருடமாக ஒளிப்பதிவைப் பற்றி மட்டுமே எழுதிவந்தவர். "கதையைப் பத்தி எழுத ஊரே இருக்கு. கேமரா ஏன் அங்க நின்னுதுன்னு கேக்க ஒரு ஆளாவது வேணாமா?" என்பார். அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பதிப்பாளர் புத்தகமாகப் போடவிருந்த நேரத்தில், வலக்கண்ணில் புரை முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இடக்கண்ணிலும் இருந்தது. அதை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வலக்கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கழிந்தது. பதினோராம் நாள் காலை புத்தகத்தின் அச்சுப்பிரதி திருத்தத்துக்கு வந்தது. முதலில் இருந்ததே அவருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த கட்டுரை. நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தில், ஒரே ஒரு ஷாட்டைப் பற்றியது. திருத்தும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரைச்சீலையை இழுத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு கூடம். கடலுக்குப் போன கணவன் திரும்பி வராத ஒருத்தி அங்கே வேலை செய்கிறாள். ஒன்பது நிமிடத்துக்கு வெட்டே கிடையாது. கேமரா கூடத்தின் இந்தக் கோடியில், இடுப்பு உயரத்தில், அசையாமல் நிற்கிறது. எதிர்க்கோடியில் ஒரு கதவு. நடுவே கொடிகளில் வரிசை வரிசையாக வெள்ளை விரிப்புகள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தபடி நம் பக்கம் வருகிறாள். ஒன்றை எடுக்கும்போதெல்லாம் ஒரு திரை விலகி அவள் கொஞ்சம் நெருங்குகிறாள். ஆனால் ஃபோகஸ் அவளோடு வருவதில்லை. அது கதவிலேயே நின்றுவிடுகிறது. அருகில் வர வர அவள் மங்குகிறாள். கதவு மட்டும் துல்லியமாக இருக்கிறது.

கண்ணாடியார் எழுதியிருந்தது இதுதான்: படமே கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விரிப்புகளில் படிந்திருக்கும் மஞ்சள் வெயில் அவளுடைய நம்பிக்கை. அவள் இன்னும் காத்திருக்கிறாள்.

இப்போது பார்த்தால் மஞ்சளைக் காணோம். விரிப்புகள் பனிக்கட்டி போல நீலமாகத் தொங்கின. வெயிலே இல்லை. சவக்கிடங்கு மாதிரி இருந்தது. அவர் ரிமோட்டை எடுத்து நிறத்தைக் கூட்டினார், குறைத்தார். கடைசியில் டி.வி.யையே நிறுத்திவிட்டுத் திரும்பப் போட்டார். நீலம் நீலமாகவே இருந்தது. சட்டென்று ஏதோ தோன்ற, வலக்கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். மஞ்சள் வந்தது. கையை மாற்றி இடக்கண்ணை மூடினார். நீலம்.

அவர் மனைவி ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். எட்டிப் பார்த்தபோது கண்ணாடியார் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி முகத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, யாரோட கண்ணாமூச்சி விளையாடறீங்க?"

"இங்க வா. இந்தத் துணி என்ன கலரு?"

"நீலம் கலந்த வெள்ளை."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இதுல பாக்க என்ன இருக்கு? எனக்கு எப்பவும் நீலமாத்தான் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் நான் மஞ்சள்னு எழுதினப்போ வாயைத் திறக்கல?"

டீச்சர் யோசித்தார். "உங்க ஆளுங்க பாஷையில மஞ்சள்னா வேற ஏதோ உள்ளர்த்தம் இருக்கும்போலன்னு நினைச்சுட்டேன்."

வயதான கண்ணின் வில்லை பழுப்பேறி, மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போலாகிவிடும் என்று டாக்டர் கண்ணாடியாரிடம் சொல்லித்தான் இருந்தார். அது புரிந்தது. புரியாதது வேறு. அந்தக் கட்டுரைக்கு எத்தனை கடிதங்கள் வந்தன! 'அந்த மஞ்சள் என்னை உலுக்கிவிட்டது' என்று கல்லூரி மாணவிகள்கூட எழுதியிருந்தார்களே, அவர்களுக்கெல்லாமா புரை? நீலம்தான் நிஜமென்றால் அவள் காத்திருக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பிணத்துக்குப் போர்த்துகிற துணியைத்தான் மடித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கண்ணுக்கு மனைவியாகவும் மறுகண்ணுக்கு விதவையாகவும் ஒருத்தி எப்படி இருக்க முடியும்?

பதிப்பாளரிடம் ஒரு மாதம் தவணை கேட்டுக்கொண்டு, மறுநாள் அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளரைத் தேடிப் போனார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. வாடகை விளக்குகள் வைத்திருக்கும் கிடங்கில், ஒவ்வொரு விளக்காகப் போட்டு வெள்ளை அட்டையில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியார் சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"அந்த ஷாட் மஞ்சளா நீலமா?"

அந்தப் பெண்மணி விளக்கை அணைத்துவிட்டு ஒரு பெட்டியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். நீலம்தான். கடைசி நிமிஷம் வரைக்கும் மஞ்சளடிக்கிற சூடான லைட் ஒண்ணுகூட நான் வைக்கல."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நான் அப்படி நினைச்சுத்தான் எடுத்தேன். புருஷன் போயிட்டான், இவளுக்குத் தெரியும்னு."

"அப்புறம் ஃபோகஸ் ஏன் கதவுல நிக்குது?"

"அது டைரக்டர் சொன்னது. அவர் அந்த நடிகைகிட்ட, 'நீ காத்திருக்கே, கதவு எப்ப வேணா திறக்கும்'னு சொல்லித்தான் நடிக்க வச்சாரு. நானும் அவரும் அதைப் பத்திப் பேசிக்கவே இல்ல. ஷாட் ஓகே ஆச்சு, சாப்பிடப் போயிட்டோம்."

தெளிவு தேடி வந்த கண்ணாடியாருக்கு இருந்த தெளிவும் போயிற்று. பிறகு கேட்டார்: "என் கட்டுரை தப்புன்னு அப்பவே ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"முதல்ல, ஏதோ மோசமான தியேட்டர்ல பாத்திருக்கீங்கன்னு நினைச்சேன்." அவர் தயங்கினார். "அப்புறம் அந்தக் கட்டுரையாலதான் சார் எனக்கு அடுத்த ரெண்டு படம் வந்துச்சு. 'அந்த மஞ்சள் வேணும்'னு கேட்டாங்க. நானும் குடுத்தேன். இப்பல்லாம் அந்த ஷாட்டை நினைச்சா எனக்கே மஞ்சளாத்தான் ஞாபகம் வருது. படத்தைப் போட்டுப் பாத்தாத்தான் இல்லைன்னு தெரியுது."

இருவரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

வீடு திரும்பிய கண்ணாடியார் கட்டுரையைத் திருத்தப் பார்த்தார். 'மஞ்சள்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'நீலம்' என்று போட்டால் அடுத்த பத்தி நொண்டியது. அதைச் சரிசெய்தால் முடிவு பொய்யானது. முழுவதையும் எடுத்துவிடலாமென்றால், கதவைப் பற்றி எழுதியது சரியாகத்தானே இருக்கிறது என்று மனம் முரண்டு பிடித்தது. நான்கு நாளில் ஒன்பது தாள்களைக் கசக்கிப் போட்டார். "குப்பைத்தொட்டிக்கே ஒரு புத்தகம் போடலாம்போல," என்றார் டீச்சர்.

இடக்கண் அறுவைக்கு முந்தின நாள் பிற்பகல், கடைசியாக ஒருமுறை என்று, வலக்கண்ணை மூடிக்கொண்டு அந்த ஷாட்டைப் பார்த்தார். மஞ்சள் இருந்தது. ஆனால் வெயிலாக இல்லை, துணியில் பட்ட டீக்கறை போல இருந்தது. மறுகண் நீலத்தைப் பார்த்துவிட்ட பிறகு இந்தக் கண்ணும் கெட்டுப்போய்விட்டது. நான்கு வருடம் அவர் வைத்திருந்த வெயில் அது.

நிறத்தில் இனி ஒன்றுமில்லை என்று ஆனபின்தான் மற்றது கண்ணில் பட்டது. கடைசி விரிப்பை எடுத்தவள், கேமராவுக்கு மிக அருகில், அதை ஒரு கணம் முகத்தோடு சேர்த்துக்கொள்கிறாள். முற்றிலும் மங்கலாக, வெறும் நிழலாக. எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், இதைப் பார்த்ததில்லை.

"ஏம்மா! கண்ணைத் துடைச்சுக்கிறாளா? இல்ல, துணியை மோந்து பாக்கிறாளா?"

டீச்சர் வந்து பார்த்தார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்தார். "துடைச்சுக்கிறா."

"எனக்கு மோந்து பாக்கிற மாதிரி இருக்கே. அழுதாத்தானே தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்?"

"அந்தக் கண்ணையும் சரிபண்ணிட்டு வாங்க. அப்புறம் சொல்லுங்க."

மறுநாள் இடக்கண்ணும் சரியாயிற்று. ஒரு வாரம் கழித்துக் கண்ணாடி இல்லாத கண்ணாடியாரும் டீச்சரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். விரிப்புகள் இரண்டு கண்களுக்கும் நீலம். அந்த முகம் மட்டும் தெளியவில்லை. ஃபோகஸ் கதவில் இருக்கும்போது புதுக்கண் என்ன செய்யும்? டீச்சர் துடைக்கிறாள் என்றே சொன்னார். அவர் மோந்து பார்க்கிறாள் என்றே சொன்னார்.

பழைய கட்டுரையில் ஓர் எழுத்தும் மாற்றாமல், அதன் பின்னால் புதிதாக ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். புரை, நீலம், கிடங்கில் கேட்டது எல்லாவற்றையும். பதிப்பாளர் படித்துவிட்டு ஃபோன் செய்தார்.

"சார், கடைசியில அவ காத்திருக்காளா இல்லையா? படிக்கிறவங்க கேப்பாங்களே?"

"கேட்டா எனக்குத் தெரியலன்னு சொல்லுங்க," என்றார் கண்ணாடியார். "தெரியாமத்தான் அச்சுக்குக் குடுத்திருக்கேன்."