இரண்டு கண்ணாடித் துண்டுகள்

நாளைக்கு என் தங்கை காளியாயிக்குப் பரிசம். மாப்பிள்ளை என் புருஷன் ஆண்டியப்பன். ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை, இவள் மலடி என்று மாமியார் முடிவு கட்டியபோது, எவளோ ஒருத்தி வருவதற்கு என் கூடப்பிறந்தவள் வரட்டுமே என்று மேல்வரிசை லயத்து வீட்டுக்கு ஏறிப்போய்ப் பெண் கேட்டவளும் நான்தான். “எம்பிள்ளை ஒனக்கும் பிள்ளைதானக்கா” என்றாள் காளியாயி. அந்தப் பேச்சுக்காகவே எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன்.

இருமல் மருந்துக்குப் போத்தலோடு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த மைக்ராஸ்கோப்பின் முன்னால் நர்ஸம்மா பவுலின் உட்கார்ந்திருந்தார்.

“ஒன் வீட்டுக்காரரு இப்பத்தான் போறாரு. மருந்து குடுத்தும் சரியாகல. மனச விட்டுறாத.”

“என்ன மருந்துங்க?”

பவுலின் என்னையே பார்த்தார். “ஒன்னுமே சொல்லலையா? போன தையிலேயே அவரக் கூப்பிட்டு இதுல காட்டினோமே. இங்க வா.”

ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தேன். தவளைக்குஞ்சு மாதிரி சின்னத் தலையும் நீள வாலுமாக ஆயிரம் உயிர்கள் முட்டி மோதி ஓடிக்கொண்டிருந்தன. “இது பிள்ளைகுட்டிக்காரன் ஒருத்தனோடது” என்றார். பிறகு கண்ணாடித் துண்டை மாற்றினார். இதில் சிலதுக்கு இரட்டைத் தலை, சிலதுக்கு வால் சுருண்டிருந்தது, பலதுக்கு வாலே இல்லை. ஒன்றிரண்டு மட்டும் நின்ற இடத்திலேயே நெளிந்தன.

“இது அவரோடது. கொறை ஒங்கிட்ட இல்ல புள்ள.”

போன ஆடியில் பிள்ளை வரம் கேட்டு மாரியம்மன் கோயிலில் வெறுந்தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் அள்ளித் தின்றேன். பக்கத்தில் ஆண்டியப்பன் குடை பிடித்து நின்றான். தையிலேயே தெரிந்தவன். பாவி, ஒரு வாய்ச் சோற்றையாவது தடுத்திருக்கக் கூடாதா?

வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான்.

“நானும் பாத்தேங்க, அந்தக் கண்ணாடியில.”

அவன் கையிலிருந்த சுண்ணாம்பு மட்டை அப்படியே நின்றது.

“நாளைக்கு அவளுக்கும் பொறக்கலேன்னா, அவளும் மலடியா?”

“மெதுவாப் பேசு” என்றான். “அம்மா காதுல விழுந்துறப் போகுது.”

தங்கையைத் தேடி, லயத்தாட்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு நடந்தேன்.

பீலியடியில் காளியாயி மஞ்சள் உரசிக்கொண்டிருந்தாள். “பச்சைச் சேலையக் கட்டவாக்கா, செவப்பா?” என்று சிரித்தாள். அவள் கையிலிருந்த மஞ்சளை வாங்கிக் கல்லில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். கான் வாய்க்காலில் மஞ்சள் தண்ணீர் மெல்லக் கலங்கி ஓடியது. அதற்குள் தவளைக்குஞ்சுகள் வாலை ஆட்டிக்கொண்டு எதிர்த்து நீந்தின.

“என்னக்கா?” என்றாள்.