பல்லக்கு

குழந்தைகள் காப்பகத்தின் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தபோது என் மகன் நடந்துகொண்டிருந்தான். கையில் ஒரு சிவப்பு வாளி. சுவரைப் பிடிக்கவில்லை, யாரையும் பிடிக்கவில்லை. அலமாரியிலிருந்து பாய் வரைக்கும் போனான், வாளியைக் கவிழ்த்தான், உள்ளே ஒன்றுமில்லை என்பதைக் குனிந்து உறுதிசெய்துகொண்டான், திரும்பி நடந்தான். ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு அவ்வளவு பழகிப்போன சங்கதி.

அன்று நான் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன். ஒன்றரை வயதாகியும் பிள்ளை நடக்கவில்லையே என்று டாக்டரிடம் காட்டுவதற்காக.

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் பொத்தென்று உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தூக்கினான்.

"எத்தனை நாளா நடக்கறான்?"

"மாசம் ஒண்ணு இருக்கும்மா."

"சொன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமா?"

ஆயாம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எந்தப் பிள்ளையின் முதல் நடையையும் முதல் பேச்சையும் இங்கே தாய்மாரிடம் சொல்வதில்லையாம். வீட்டில் அவர்களே பார்த்துவிட்டு மறுநாள் ஓடிவந்து சொல்வார்களாம். அப்போது ஆயாக்கள், அட அப்படியா என்று வாயைப் பிளப்பார்களாம். "நாளைக்குச் சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு நானும் பாத்துட்டே இருந்தேன்ம்மா" என்றாள்.

என் பயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொன்னால் பிள்ளைக்கு ஏதோ குறை என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்று நினைத்தேன்.

டாக்டரிடம் போகவில்லை. போய் என்ன சொல்வது, என் பிள்ளை என் முன்னால் மட்டும் நடப்பதில்லை என்றா? பேருந்தில் அவன் மடியில் தூங்கினான். செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். பிறந்தநாளுக்கு நான் வாங்கியது. அடிப்பக்கம் கடையில் இருந்ததுபோலவே பளபளத்தது.

எந்த மாதத்தில் குழந்தை எழுந்து நிற்கும், எதைப் பிடித்து நடக்கும் என்றெல்லாம் ஃபோனில் தேடித்தேடிப் படித்தவள் நான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், படிப்பென்றால் விடமாட்டேன். கீழே விடுங்கள், தானாக எழட்டும் என்று அதிலேயே இருந்தது. அதையும் படித்தேன். ஆனால் நான் தரையில் கிடந்து வளர்ந்தவள். அம்மா வேலைக்குப் போன வீடுகளின் பின்கட்டுச் சிமெண்டுத் தரையில், யார் காலிலாவது இடறிக்கொண்டு. என் பிள்ளைக்கு அந்தச் சில்லிப்பே தெரியக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. நாள் முழுக்க கால் சென்டர் ஹெட்செட்டில் ஊரார் வசவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அவனைத் தூக்கிக்கொண்டால்தான் எனக்கு மூச்சே வரும். இடுப்பில் வைத்துக்கொண்டே சமைப்பேன், பாத்திரம் கழுவுவேன். "மகாராஜாவுக்குப் பல்லக்கு வந்தாச்சு, இனிமே கால் எதுக்கு?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பிள்ளை மேல் பாசமில்லாத ஆள் என்று அவர்மேல் எரிந்து விழுவேன். அவன் தூங்கும்வரை கிடைக்கும் அந்த இரண்டு மணி நேரம் எனக்குத் தேவைப்பட்டது. அதை அவனுக்குத் தேவை என்று சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவனைக் கூடத்தின் நடுவில் இறக்கிவிட்டேன். கைகளைத் தூக்கினான். என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். உதடு பிதுங்கியது. பிறகு கைகளை ஊன்றித் தவழ்ந்தே வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். ஆயாம்மாவுக்கு நடக்கிறவன் எனக்குத் தவழ்ந்தான்.

அவன் பிடியை விலக்கிவிட்டு, காப்பக வாளிக்குப் பதிலாகக் குளியலறையிலிருந்து மக்கை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தேன். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அங்கே இருக்கும்வரை அவன் எழமாட்டான் என்று புரிந்தது. மெல்ல நழுவிப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு மக் தரையில் உரசியது. பிறகு வெறும் பாதம் தரையில் பத், பத் என்று விழும் ஓசை. எட்டிப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவான். கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றேன். ஓசை நெருங்கி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. கதவின் அடியிடுக்கில் ஐந்து சின்னக் கால்விரல்கள் தெரிந்தன.

பின்னால் கட்டியிருந்த என் கைகள் எப்போது அவிழ்ந்தன என்று தெரியவில்லை.