முதலாளி மச்சான்

விசாரணை அறையில் கணக்கர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் கிடைத்திருந்தது. அந்தச் செய்தி வெளியாவதற்கு முந்தின நாள், அவர் மனைவியின் அண்ணன் அதே கம்பெனியின் பங்குகளை வாங்கிவிட்டார். ஒரே வாரத்தில் விலை இரண்டு மடங்கு. ரகசியத்தைக் கசியவிட்டது கணக்கர்தான் என்பது பங்குச்சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு. அது நிலைத்தால் வேலை போகும். வேறு எந்தக் கம்பெனியும் வாசலில்கூடச் சேர்க்காது.

டயர் கடை வைத்திருக்கும் அந்த மச்சான், பக்கத்து நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

கணக்கருக்காக வாதாட வந்த வக்கீலம்மா எழுந்தார். “உறவுக்காரங்கன்னா மட்டும் போதாதுங்க. ரகசியம் கைமாறினதுக்கு ஆதாரம் வேணும்னு புதுத் தீர்ப்பே வந்திருக்கு.”

“சரி, விஷயம் தெரியாமயா வாங்குனீங்க?” ஆணையத்தின் விசாரணை அதிகாரி மச்சானைக் கேட்டார்.

“வீம்புக்கு வாங்குனேங்க.”

“என்னது?”

“அஞ்சாறு வருஷம் முந்தி, பத்துப் பேருக்கு முன்னால இவரு என்னைப் பஞ்சர் கடைன்னுட்டாரு. உன்னை என்கிட்டயே சம்பளம் வாங்க வைக்கிறேன் பாருன்னேன். பழைய வேனை வித்த காசு, பங்கு வாங்குன அன்னிக்குத்தான் கைக்கு வந்துச்சு. பங்கு வச்சிருக்கறவன் முதலாளிதானே? இப்ப இவரு என் ஆளு.”

கணக்கர் தலையில் கைவைத்துக்கொண்டார். பஞ்சர் பேச்சு உண்மைதான்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். “விலை ஏறினப்போ ஒண்ணுகூட விக்கலையே?”

“வித்துட்டா நான் எப்படிங்க முதலாளி?”

அதிகாரி கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. ரகசியம் தெரிந்து வாங்கியவன் ஏறின விலையில் விற்காமல் விடுவானா? இருவரும் பேசிக்கொண்டதற்கு ஒரு போன் அழைப்புகூட ஆணையத்திடம் இல்லை. குற்றச்சாட்டு தள்ளுபடி என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் மச்சான் விறுவிறுவென்று படியிறங்கினார். கணக்கர் ஓடிப்போய் மறித்தார்.

“முதலாளி!”

மச்சான் முறைத்தார். “என்ன?”

“நாளைக்கு லீவு வேணும்.”

“எதுக்கு?”

“மச்சான் வீட்டுல சாப்பாடு. அவருதான் இன்னும் கூப்பிடல.”

மச்சானின் மீசை துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கச் சிரித்தார்.

“கூப்பிட்டாச்சுய்யா. தங்கச்சியையும் கூட்டிட்டு வா. லேட்டா வந்தீங்க, சம்பளத்துல பிடிச்சிருவேன்.”